சண்டைக்காரர் ஆரம்பித்த சங்கம்

டைம் மெஷின் என்ற வார்த்தையை நீங்கள் முதலில் எங்கே கேட்டீர்கள்? ‘இன்று நேற்று நாளை’ படத்திலா, ‘24’ படத்திலா, இல்லை ‘மார்க் ஆண்டனி’யிலா? எங்கே கேட்டிருந்தாலும் சரி, அந்த வார்த்தையை உலகத்துக்குக் கொடுத்தவர் ஒருவர்தான். எச். ஜி. வெல்ஸ். 1895-ல் அவர் எழுதிய நாவலின் பெயரே ‘தி டைம் மெஷின்’. கண்ணுக்குத் தெரியாத மனிதன், பூமியைத் தாக்கும் செவ்வாய்க்காரர்கள், நிலாவுக்குப் பயணம் என்று இன்றுவரை சினிமாக்காரர்கள் கடன் வாங்கும் ஐடியாக்களில் பாதி இவர் கடையில் வாங்கியவை.

ஆனால் இந்தக் கட்டுரை அந்த வெல்ஸைப் பற்றி மட்டும் இல்லை. அவர் ஒரு சுகர் பேஷன்ட். 60 வயதைத் தாண்டிய பிறகு சர்க்கரை நோய் வந்தது. வந்ததும் அவர் செய்த ஒரு காரியம் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. அவருடைய நாவல்களைப் படிக்காத லட்சக்கணக்கான பேர் அதனால் பயன் அடைகிறார்கள். அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லத்தான் இது.

துணிக்கடைப் பையன்

ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் 1866 செப்டம்பர் 21 அன்று இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்தின் பிராம்லி ஊரில் பிறந்தார். அப்பா ஜோசப் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். பீங்கான் பாத்திரமும் கிரிக்கெட் சாமானும் விற்கும் கடை. வியாபாரம் படுமோசம். ஆனால் ஜோசப் நல்ல பவுலர். கென்ட் அணிக்காக ஆடி, 1862-ல் சசெக்ஸுக்கு எதிராக நான்கு பந்தில் நான்கு விக்கெட் எடுத்தவர். முதல்தர கிரிக்கெட்டில் அதைச் செய்த முதல் ஆள் அவர்தான். கடையில் வராத காசு கிரிக்கெட்டில் கொஞ்சம் வந்தது. 1877-ல் அவர் கால் உடைந்தது. அந்த வருமானமும் போச்சு.

மகனுக்கும் ஏழு வயதில் கால் உடைந்தது. ஆனால் அது வேறு கதை. படுத்த படுக்கையாக இருந்த பையனுக்கு அப்பா நூலகத்திலிருந்து புத்தகம் புத்தகமாகக் கொண்டுவந்து கொடுத்தார். பையன் படிப்புப் பைத்தியம் ஆனான்.

வீட்டில் காசு இல்லை. அம்மா சாரா அப்பார்க் என்ற பெரிய பங்களாவில் வீட்டு நிர்வாகி வேலைக்குப் போனார். பையனைத் துணிக்கடையில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். சவுத்ஸீ ஊரில், ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வேலை. மற்ற பையன்களோடு ஒரே பெரிய அறையில் படுக்கை. நம்ம ஊரில் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்த்துவிட்டு, கடை கொடுத்த அறையில் போய்ப் படுப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே வாழ்க்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அங்கிருந்து அம்மா வேலை பார்த்த பங்களா வரைக்கும் 17 மைல் நடந்தே போனார். நம் கணக்கில் சுமார் 27 கிலோமீட்டர். இனி அந்தக் கடைக்குப் போகமாட்டேன் என்று சொல்லத்தான் அத்தனை தூரம். 1883-ல் கடையை விட்டு வெளியே வந்து ஒரு பள்ளியில் மாணவ ஆசிரியராகச் சேர்ந்தார். பாடம் நடத்திக்கொண்டே படிக்கும் வேலை.

நம்ம ஆள் மாதிரிதான்

1884-ல் லண்டன் சவுத் கென்சிங்டனில் இருந்த நார்மல் ஸ்கூல் ஆஃப் சயின்ஸில் ஸ்காலர்ஷிப்போடு இடம் கிடைத்தது. பின்னாளில் இம்பீரியல் காலேஜின் ஒரு பகுதியான அதே இடம். முதல் வருஷம் உயிரியல் எடுத்தவர் தாமஸ் ஹக்ஸ்லி. டார்வினுக்காக ஊர் முழுக்க வாதாடிய அதே ஹக்ஸ்லி. அந்த வருஷம் வெல்ஸ் முதல் வகுப்பில் தேறினார். வாரம் ஒரு கினி உதவித்தொகை. அதில் வாடகையும் சாப்பாடும் பார்த்தால் வாரக் கடைசியில் வயிறு காலி.

அடுத்தடுத்த வருஷங்களில் என்ன ஆச்சு தெரியுமா? வகுப்பு போர் அடித்தது. மனசு விவாத மன்றத்துக்கும் எழுத்துக்கும் போனது. நண்பர்களோடு சேர்ந்து ஒரு மாணவர் பத்திரிகை ஆரம்பித்தார். பெயர் ‘சயின்ஸ் ஸ்கூல்ஸ் ஜர்னல்’. முதல் ஆசிரியரும் அவரே. 1887-ல் கடைசிப் பரீட்சையில் ஜியாலஜி ஃபெயில். ஆமாம், எச். ஜி. வெல்ஸுக்கே அரியர். ஸ்காலர்ஷிப் போய், டிகிரி இல்லாமல் வெளியே வந்தார். 1890-ல்தான் லண்டன் பல்கலைக்கழகத்தில் வெளியிலிருந்து எழுதி விலங்கியலில் பி.எஸ்ஸி. வாங்கினார்.

ஆனால் அந்த மாணவர் பத்திரிகையில்தான் 1888-ல் காலப்பயணம் பற்றிய அவருடைய முதல் கதை வந்தது. அதைத் திரும்பத் திரும்ப எழுதித் திருத்தியதுதான் ஏழு வருஷம் கழித்து ‘தி டைம் மெஷின்’ ஆனது. மாணவர்கள் நடத்தும் பத்திரிகையை யார் படிக்கிறார்கள் என்று அடுத்த முறை யாராவது உங்களைக் கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

அவருடைய உடம்பும் அவரைச் சும்மா விடவில்லை. 1887-ல் வேல்ஸில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது கால்பந்து மைதானத்தில் அடிபட்டு சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. பின்னாலேயே இருமலில் ரத்தம். அதற்குப் பிறகு பல வருஷங்கள் நோயாளி வாழ்க்கைதான். 1893-ல் மறுபடி ரத்தம் கக்கியதும் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்துக்கு வந்தார். அதாவது, உடம்பு சரியில்லாமல் போனதால்தான் நமக்கு இந்த எழுத்தாளர் கிடைத்தார்.

யாரோடும் ஒத்துப்போகாதவர்

1895 முதல் 1898 வரை வருஷத்துக்கு ஒன்று என்று நான்கு நாவல்கள். ‘தி டைம் மெஷின்’, ‘தி ஐலண்ட் ஆஃப் டாக்டர் மோரோ’, ‘தி இன்விசிபிள் மேன்’, ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’. நான்கும் இன்றுவரை அச்சில் இருக்கின்றன. அமெரிக்காவில் 16 வயதுப் பையன் ஒருவன் அந்த நான்காவது கதையைப் படித்து விண்வெளிப் பைத்தியம் ஆனான். அவன் பெயர் ராபர்ட் கோடார்ட். திரவ எரிபொருள் ராக்கெட்டை முதலில் பறக்கவிட்டவர். 1914-ல் வெல்ஸ் எழுதிய இன்னொரு நாவலில் அணுகுண்டு வருகிறது. அதை 1932-ல் படித்த லியோ சிலார்ட், அடுத்த வருஷம் லண்டனில் அணுக்கருத் தொடர்வினை என்ற யோசனைக்கு வந்து சேர்ந்தார்.

மூளை அப்படி. குணம்? அது கொஞ்சம் கஷ்டம். முதல் மனைவியை விட்டுப் பிரிந்து தன் மாணவியை மணந்தார். இரண்டாவது திருமணத்திலும் பல பெண்களோடு உறவு. யாரோடும் நீண்ட நாள் ஒத்துப்போக மாட்டார். 1903-ல் ஃபேபியன் சொசைட்டி என்ற சோஷலிச அமைப்பில் சேர்ந்தார். பெர்னார்ட் ஷா எல்லாம் இருந்த இடம். சேர்ந்த சில வருஷத்தில், நீங்கள் நடத்தும் விதமே சரியில்லை, எல்லாத்தையும் மாற்றணும் என்று மல்லுக்கு நின்றார். ஷாவோடு விவாதத்தில் மோதித் தோற்றார். 1908-ல் ராஜினாமா.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு இவர் கதையைச் சொல்வது நியாயம் ஆகாது. 1901-ல் அவர் எதிர்காலத்தைப் பற்றி ‘ஆன்டிசிபேஷன்ஸ்’ என்று ஒரு நூல் எழுதினார். அதில் வரப்போகும் உலக அரசு, பலவீனமானவர்களையும் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடிய நோய் உள்ளவர்களையும் இரக்கத்தோடு நடத்தாது என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். அவர்கள் பிள்ளை பெற்றுக்கொள்ளாமல் இருக்கிற வரைக்கும்தான் பொறுத்துக்கொள்ளப்படுவார்களாம். படித்தால் உடம்பு சில்லிடும். தானே வருஷக்கணக்கில் நோயாளியாகக் கிடந்தவர் இப்படி எழுதினார் என்பதுதான் இன்னும் விசித்திரம்.

அந்தப் புத்தகம் வந்து சுமார் 30 வருஷம் கழித்து, பரம்பரையாக வரக்கூடிய ஒரு நோய் அவருக்கே வந்தது.

மருந்து வந்துவிட்டது, அப்புறம்?

இங்கே வெல்ஸை ஒரு நிமிஷம் நிறுத்திவைத்துவிட்டு, அந்தக் காலத்தில் சர்க்கரை நோய் என்றால் என்ன நிலைமை என்று பார்ப்போம்.

1922-க்கு முன்னால் சின்ன வயதில் இந்த நோய் வந்தால் மரணம்தான். டாக்டர்களால் முடிந்தது பட்டினி போட்டு நாட்களைத் தள்ளுவது மட்டும். 1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோ நகரில் முதல் முறையாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் போடப்பட்டது. அடுத்த வருஷம் அது இங்கிலாந்துக்கும் வந்து சேர்ந்தது.

அதனால் உயிர் பிழைத்தவர்களில் ஒருவர் ராபின் லாரன்ஸ். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 1892-ல் பிறந்த டாக்டர். அறுவைசிகிச்சை நிபுணர் ஆக வேண்டியவர். 1920-ல் ஒரு எலும்பை உளியால் செதுக்கும்போது சில்லு தெறித்துக் கண்ணில் பட்டது. கண் சீழ்ப்பிடித்தது. ஆஸ்பத்திரியில் பரிசோதித்தபோதுதான் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. சாகும் நாள் தெரிந்துவிட்டது, வீட்டில் கிடந்து குடும்பத்துக்குப் பாரமாக இருக்க வேண்டாம் என்று இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குப் போய் அங்கே சின்னதாக டாக்டர் தொழில் பார்த்தார். 1923-ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் இருந்த நண்பர் ஒருவர், இன்சுலின் வந்துவிட்டது, வேலை செய்கிறது, உடனே கிளம்பி வா என்று தகவல் அனுப்பினார். உயிர் ஊசலாடும் நிலையில் லாரன்ஸ் திரும்பி வந்தார். மே 31 அன்று முதல் ஊசி. அதன் பிறகு 45 வருஷம் வாழ்ந்தார்.

பிழைத்தவர் அதே ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்ப் பிரிவை வளர்த்தெடுத்தார். 1925-ல் ‘தி டயபெடிக் லைஃப்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். டாக்டர்களுக்கும் நோயாளிகளுக்கும் சேர்த்தே எழுதிய புத்தகம்.

அவர் வகுத்த சாப்பாட்டு முறை ஒன்று உண்டு. நம்ம மாதிரி ஆட்களுக்குப் பிடிக்கும். உணவையெல்லாம் இரண்டு பட்டியலாகப் பிரித்தார். கறுப்புப் பங்கு ஒன்றில் 10 கிராம் கார்போஹைட்ரேட். சிவப்புப் பங்கு ஒன்றில் 7.5 கிராம் புரதம், 9 கிராம் கொழுப்பு. ஒரு கறுப்பும் ஒரு சிவப்பும் சேர்ந்தால் ஒரு வரி. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு வரிக்குச் சுமார் 150 கலோரி வரும். ஒரு நாளைக்கு எத்தனை வரி என்று டாக்டர் சொல்லுவார். அந்த வரிக்குள் எதைச் சாப்பிடுவது என்பது நோயாளியின் விருப்பம். அளவு டாக்டருடையது, தேர்வு நோயாளியுடையது.

இது ஏன் பெரிய விஷயம்? இப்படி யோசியுங்கள். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் க்ளோஸ்டு லூப் படித்திருப்பீர்கள். சென்சார் அளக்கிறது, கன்ட்ரோலர் முடிவெடுக்கிறது, வெளியீடு திருத்தப்படுகிறது. நம் கணையத்தில் இருக்கும் பீட்டா செல்கள் சென்சார், கன்ட்ரோலர் இரண்டு வேலையும் பார்க்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் இன்சுலின் விடும். இறங்கினால் நிறுத்திக்கொள்ளும். டைப் 2 சர்க்கரை நோயில் என்ன ஆகிறது என்றால், இன்சுலின் வருகிறது, ஆனால் உடம்பு அதன் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. கணையம் இன்னும் இன்னும் கத்திக் கத்தி ஒரு கட்டத்தில் தொண்டை கட்டிப்போகிறது.

அப்போது அந்த லூப்பை மூட வேண்டியவர் யார்? நோயாளியேதான். என்ன சாப்பிட்டோம், எவ்வளவு நடந்தோம், மாத்திரை போட்டோமா, அளவு எவ்வளவு காட்டுகிறது என்று தினமும் அவரே கன்ட்ரோலர் வேலை பார்க்க வேண்டும். அதுவும் லீவே இல்லாமல். ஒரு வருஷத்தில் 8760 மணி நேரம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரைப் பார்க்கிறோம், ஒவ்வொரு தடவையும் 15 நிமிஷம் என்று வையுங்கள். மொத்தம் ஒரு மணி நேரம். மிச்சம் 8759 மணி நேரம் அவர் தனியாள்.

அந்தக் காலத்தில் இது இன்னும் கஷ்டம். விரலைக் குத்திப் பார்க்கிற குளுக்கோமீட்டர் கிடையாது. பெனடிக்ட் கரைசலில் சிறுநீர்த் துளிகளை விட்டுச் சூடாக்கி நிறம் பார்ப்பார்கள். நீலமாகவே இருந்தால் நிம்மதி. பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று மாற மாறக் கவலை. நீங்கள் ஸ்கூல் லேபில் மார்க்குக்காகச் செய்த அதே சோதனையைத்தான் அவர்கள் தங்கள் வீட்டில் உயிருக்காகச் செய்தார்கள். அரசு மருத்துவக் காப்பீடு வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு மட்டும் இருந்தது. அவர் மனைவிக்கும் பிள்ளைக்கும் இல்லை.

பேக்கர் ஸ்ட்ரீட் ஃபிளாட்டில் ஒரு கூட்டம்

இப்போது வெல்ஸிடம் திரும்புவோம். 1930-களின் தொடக்கம். மனைவி ஜேன் 1927-ல் இறந்துவிட்டார். வெல்ஸ் லண்டன் பேக்கர் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்கு மேலேயே இருக்கும் சில்டர்ன் கோர்ட் என்ற கட்டிடத்தில் ஒரு ஃபிளாட்டில் குடியிருந்தார். ஷெர்லாக் ஹோம்ஸ் ரசிகர்களுக்கு அந்தத் தெருவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்டு லாரன்ஸிடம் வைத்தியத்துக்குப் போனார்.

வெல்ஸுக்கு வந்தது வயதான காலத்தில் வரும் மிதமான வகை. இன்றைய கணக்கில் டைப் 2. லாரன்ஸுக்கு இருந்தது ஊசி இல்லாவிட்டால் உயிர் போகும் வகை. இரண்டும் வேறு வேறு என்று அப்போது தெளிவாகத் தெரியாது. 1936-ல்தான் ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த் என்ற லண்டன் டாக்டர், இன்சுலினுக்கு உடனே பணியும் வகை, பணியாத வகை என்று இரண்டு இருப்பதை எழுதிக் காட்டினார்.

முதலில் வெல்ஸ் நன்றிக்கடன் மாதிரி ஒரு காரியம் செய்தார். கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியின் சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு நிதி கேட்டு ‘தி டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பிரபலமான ஒருவர் தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதை ஊர் அறியச் சொல்வது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை. இந்த நோய் வெளியே தெரியாது. யாரும் சொல்லாவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பலர் மறைத்துக்கொண்டே வாழ்ந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் படைத்த எழுத்தாளர், கண்ணுக்குத் தெரியாத நோயோடு முன்னால் வந்து நின்றார்.

அதற்குப் பிறகு வந்தது பெரிய யோசனை. ஆஸ்பத்திரிக்குக் காசு கொடுப்பது ஒன்று. நோயாளிகள் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்வது வேறு ஒன்று. இந்த நோய் உள்ள யார் வேண்டுமானாலும், பணக்காரரோ ஏழையோ, சேரக்கூடிய ஒரு சங்கம் வேண்டும். உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும், நோயைப் பற்றிய அறிவைப் பரப்ப வேண்டும், சரியான சிகிச்சைக்காகக் குரல் கொடுக்க வேண்டும். இப்படித்தான் 1934-ல் வெல்ஸின் அந்த ஃபிளாட்டில் கூட்டம் கூடி ‘டயபெடிக் அசோசியேஷன்’ பிறந்தது. வெல்ஸ் முதல் தலைவர்.

சர்க்கரை நோயாளிகளுக்காக அமைப்பு என்பதே இதுதான் முதல் தடவை என்று சொல்லிவிட முடியாது. போர்ச்சுகலில் எர்னெஸ்டோ ரோமா என்ற டாக்டர் 1926-லேயே ஏழை நோயாளிகளுக்கு இன்சுலின் கிடைக்க ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். லண்டன் சங்கத்தின் விசேஷம் வேறு இடத்தில் இருந்தது. அதைத் தொடங்கிய இரண்டு பேருக்குமே அந்த நோய் இருந்தது. அங்கே நோயாளி என்பவர் உதவி வாங்கிக்கொண்டு போகிறவர் இல்லை. அவரே உறுப்பினர். தன் உடம்பை நடத்துவதில் அவருக்கும் பங்கு உண்டு என்பதுதான் சங்கத்தின் அடிப்படை.

1935-ல் ‘தி டயபெடிக் ஜர்னல்’ என்று சொந்தப் பத்திரிகை வந்தது. காலேஜில் பத்திரிகை ஆரம்பித்த ஆளுக்கு இது இல்லாமல் இருக்குமா! 1939-ல் முதல் உள்ளூர்த் தன்னார்வக் குழு உருவானது. லண்டனுக்கு வர முடியாதவர்கள் தங்கள் ஊரிலேயே கூடி உட்கார்ந்து பேசும் ஏற்பாடு. இன்றைக்கு நாம் சக நோயாளிகளின் ஆதரவு என்று சொல்வதன் முளை அதுதான். எல்லோருக்குமான அரசு மருத்துவச் சேவை வேண்டும் என்றும் சங்கம் 1930-களிலேயே கேட்டது.

எது நிலைத்தது?

இப்போது அந்த 1934-ஆம் வருஷத்தை மறுபடி பாருங்கள். அதே வருஷத்தில் வெல்ஸ் அமெரிக்கா போய் அதிபர் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்தார். மாஸ்கோ போய் ஸ்டாலினோடு உட்கார்ந்து பேசினார். உலகத்தை எப்படி ஒழுங்குபடுத்துவது, ஒரே உலக அரசை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் அவர் வாழ்நாள் கனவு. இரண்டு வல்லரசுத் தலைவர்களையும் பார்த்துப் பேசினால் ஏதாவது நடக்கும் என்று நம்பினார். ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தே வருஷத்தில் இரண்டாம் உலகப் போர் வந்தது.

போர்க்காலத்தில் ஜெர்மன் விமானங்கள் லண்டன் மீது குண்டு போட்டபோதும் அவர் ஊரை விட்டுப் போகவில்லை. ரீஜன்ட்ஸ் பார்க் பக்கம் ஹனோவர் டெரஸில் இருந்த வீட்டிலேயே இருந்தார். 1940-ல் மனித உரிமைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். யாராக இருந்தாலும் உணவும் மருத்துவமும் பெற உரிமை உண்டு என்று வாதாடும் புத்தகம். 1901-ல் பலவீனமானவர்களுக்கு இடமில்லை என்ற ஆளின் கையிலிருந்து வந்தது அது. நோய்தான் அவரை மாற்றியது என்று நான் சொல்ல வரவில்லை. இடையில் இரண்டு உலகப் போர்கள், ஹிட்லர் என்று எத்தனையோ நடந்துவிட்டன. ஆனால் இரண்டு புத்தகங்களுக்கும் நடுவில் பேக்கர் ஸ்ட்ரீட்டில் அந்தக் கூட்டம் நடந்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

கடைசிக் காலத்தில் மனிதகுலத்தின் மேலேயே நம்பிக்கை இழந்து எழுதினார். 1946 ஆகஸ்ட் 13 அன்று 79 வயதில் லண்டனில் இறந்தார். சர்க்கரை நோய் தெரிந்த பிறகு சுமார் 15 வருஷம் வாழ்ந்திருக்கிறார். அதுவும் எழுதிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும். 1948-ல் பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை வந்து எல்லோருக்கும் மருத்துவம் இலவசமானது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1950-ல் பல நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு உருவானபோது அதன் முதல் தலைவரானவர் லாரன்ஸ்.

அவர்கள் தொடங்கிய சங்கம் 1954-ல் பிரிட்டிஷ் டயபெடிக் அசோசியேஷன் என்றும் 2000-ல் டயபெடிஸ் யுகே என்றும் பெயர் மாறியது. 90 வருஷம் தாண்டியும் நடக்கிறது. உலக அரசு வரவில்லை. எந்தச் சங்கத்திலும் நிலைக்காத மனிதர் ஆரம்பித்த சங்கம் மட்டும் நிலைத்தது. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். ஃபேபியன்களோடு பேசும்போது அவர் மேடையில் நின்று எல்லோருக்கும் வழி சொல்கிறவர். இந்தச் சங்கத்தில் அவரும் ஒரு நோயாளி. பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்த இடத்தில் அதிகம் படித்தவர், கம்மியாகப் படித்தவர் என்ற பேதம் ரொம்ப நேரம் நிற்காது.

சரி, இது நமக்கு எதற்கு?

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு டைப் 2. இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அப்பாவாகவோ அம்மாவாகவோ பாட்டியாகவோ. நாம் என்ன செய்கிறோம்? லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது, ஸ்வீட் சாப்பிடாதீங்க, வாக்கிங் போங்க என்று ஒரு அட்வைஸ். மாத்திரை ஸ்ட்ரிப்பைப் பார்த்து ஒரு கேள்வி. அவ்வளவுதான். அட்வைஸ் கொடுக்க ஆள் நிறைய. கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரும்போது எதை எடுப்பது எதை விடுவது, நைட் ஷிஃப்ட் வேலையில் எப்போது சாப்பிடுவது, இந்த மாதம் ரிசல்ட் கூடிவிட்டதே என்று யாரிடம் திட்டு வாங்காமல் சொல்வது என்பதற்கெல்லாம் பதில், அதே நோயோடு நாலு வருஷம் ஓட்டிய இன்னொருவரிடம்தான் இருக்கிறது.

இதில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டு இந்த ஜூஸைக் குடி, மூன்றே வாரத்தில் சுகர் காணாமல் போகும் என்று ஃபார்வேர்டு அனுப்புகிறவரும் சக நோயாளிதான். அவர் தருவது ஆதரவு ஆகாது. லண்டன் சங்கம் நின்றது இரண்டு கால்களில். ஒன்று நோயாளியின் அனுபவம், மற்றது டாக்டரின் அறிவு. வெல்ஸ் தனியாக ஆரம்பித்திருந்தால் இன்னொரு சண்டையில் முடிந்திருக்கலாம். லாரன்ஸ் தனியாக ஆரம்பித்திருந்தால் இன்னொரு கிளினிக் ஆகியிருக்கலாம். மருந்தை மாற்றுவது டாக்டரின் வேலை. அந்த மருந்தோடு ஒவ்வொரு நாளையும் எப்படி ஓட்டுவது என்று சொல்லித்தருவது கூட இருப்பவர்களின் வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

வாய்ப்பு ஒன்றும் தூரத்தில் இல்லை. உங்கள் தெருவில் காலையில் ஒன்றாக நடக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்குச் சுகர் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். அவர்கள் ஏற்கெனவே ஒரு குழுதான். மாதம் ஒரு தடவை ஒருவர் வீட்டில் உட்கார்ந்து, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்கப்படாமல் பேசினால் அது சங்கம் ஆகிவிடும். அந்த ஏரியா டாக்டர் ஒருவர் எப்போதாவது வந்துபோனால் இன்னும் நல்லது. உங்கள் அப்பாவை அதில் சேர்த்துவிடுவது, நீங்கள் கொடுக்கும் நூறு அட்வைஸை விடப் பெரிய உதவி.

டைம் மெஷின் இன்னும் யாராலும் செய்ய முடியவில்லை. நம் டிபார்ட்மென்ட் புராஜெக்ட்டிலும் அது வரப்போவதில்லை. வெல்ஸ் செய்த இன்னொரு மெஷினுக்கு ஒரு அறையும் பத்து நாற்காலியும் போதும். இந்த லீவில் ஊருக்குப் போனதும் அப்பாவிடம், கூட நடக்கிறவர்கள் யார் யார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.